குதிகால் வலி: ஷூவா, இன்சோலா, பயிற்சியா, ஊசியா?

"நடந்தால் குதிகால் வலிக்கிறது. நடக்காமல் இருந்தால் சுகர் ஏறுகிறது. எதை விடுவது?" வாசகர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். கூடவே சில கிளைக் கேள்விகளும் வரும். கடைக்காரர் காட்டுகிற விலை உயர்ந்த ஷூவை வாங்கலாமா? டாக்டர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார், போடலாமா? எருக்கம் இலை ஒத்தடத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியாகிவிட்டதாமே? இதையெல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில், எந்த வலியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில், குதிகாலின் அடிப்பக்கம், கொஞ்சம் உள்பக்கமாகச் சுள்ளென்று பிடிக்கும். நாலு நடை நடந்ததும் குறையும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். டாக்டர்கள் இதைப் பிளாண்டர் ஃபேஷியைட்டிஸ் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதால் வருவது. எக்ஸ்ரே எடுத்தால் "எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது" என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த முள் வலியே இல்லாத பலருடைய காலிலும் இருக்கும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பாதம் எரிந்தாலோ மரத்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ, குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தும்போது உயிர் போவது போல வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதே வலித்தாலோ இது வேறு சங்கதி. நரம்பு அழுத்தம், எலும்பில் நுண்விரிசல், யூரிக் அமிலம் என்று எதுவாகவும் இருக்கலாம். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்துப் போனால் வாதநோய் டாக்டரைப் பார்க்க வேண்டும். இவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

## எதை வைத்து எடை போடுவது?

விலையையும் விளம்பரத்தையும் பார்த்தால் முடிவுக்கு வர முடியாது. நான் பார்ப்பது நாலு விஷயங்கள்.

மறுநாள் காலை. இன்று எவ்வளவு வலித்தது என்பதைவிட, நாளை முதல் அடி எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று காலண்டரில் கிறுக்கி வையுங்கள்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காக்கிறது? இதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடக்க ஆறாயிரம் ரூபாய் ஷூ. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையல், துணி காயப்போடுதல், மாடிப்படி. குதிகால் அடி வாங்குவது எந்த நேரத்தில்?

நடை நிற்காமல் இருக்குமா? வலி போய், கூடவே நடையும் போனால் அது தீர்வாகாது.

பில்லில் வராத செலவு. லீவு, ஆட்டோ, திரும்பத் திரும்ப மாற்றுவது, பக்கவிளைவு.

## முழு ஓய்வு

இலவசம் போலத் தோன்றும், ஆனால் நிறைய விலை கேட்கும். இரண்டு மாதம் நடக்காமல் இருந்தால் காலை வலி குறையும், உண்மைதான். அதற்குள் எடை ஏறும், கெண்டைக்கால் இறுகும், நார்ப்பட்டையும் சுமை தாங்கும் பழக்கத்தை இழக்கும். திரும்ப நடக்கத் தொடங்கிய வாரத்திலேயே வலி வந்து நிற்கும். எடை கூடுவதே இந்த வலிக்கு ஒரு காரணம் என்பதால் இது சுற்றிச் சுற்றி வரும் வம்பு.

ஓய்வு சரியாகப் பொருந்துவது ஒரே ஒரு கட்டத்தில்: வலி புதிதாக வந்து, நொண்டி நொண்டி நடக்கும் முதல் ஓரிரு வாரம். அப்போதுகூட சைக்கிளுக்கோ நீச்சலுக்கோ மாறுங்கள், படுத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு தூரத்தைக் குறைத்து நடக்கலாம். நடக்கும்போது வலி பத்துக்கு மூன்று, நாலுக்குள் இருந்து, மறுநாள் முதல் அடி நேற்றைவிட மோசமாகாமல் இருந்தால் அந்தத் தூரம் உங்களுக்குச் சரி. மோசமானால் கால்வாசி குறையுங்கள்.

## ஷூவும் செருப்பும்

ஷூவில் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் கையில் எடுத்துச் சோதியுங்கள். முனையையும் குதிகால் பக்கத்தையும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகக் கூடாது. பின்பக்கக் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அப்படியே அமுங்கிப் போகக் கூடாது. பாதம் சாயங்காலம் சற்று உப்பியிருக்கும் என்பதால் கடைக்கு அந்த நேரத்தில் போவது நல்லது. விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்குள் பத்து அடி நடந்து பார்த்ததும் "பஞ்சு மாதிரி இருக்கு" என்று தோன்றினால் ஏமாந்துவிடாதீர்கள். மெத்தென்று இருப்பது வேறு, காலைத் தாங்குவது வேறு.

இதில் மறைந்திருக்கும் செலவு ஆயுள். ஓட்ட ஷூக்களின் நடுப்பஞ்சு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. தினமும் 5 கிலோமீட்டர் நடப்பவருக்கு அது மூன்று முதல் ஐந்து மாதம். மேல்பக்கம் புத்தம் புதிதாகத் தெரியும். அடியில் பஞ்சு செத்திருக்கும். ஷூவுக்கு ஒரே தடவை செலவு என்று நினைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

இனி எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வராமல் காக்க இந்த வகை ரப்பரைக் காலணிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மெடிக்கல் ஷாப் வாசலில் சில நூறு ரூபாய்க்குத் தொங்குகிறது. பாதம் முழுக்க அழுத்தத்தைப் பரப்புவது அதன் வேலை, அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் தட்டையான எம்.சி.ஆர். செருப்பு பாதத்தின் வளைவைத் தாங்காது. வீட்டுக்குள் டைல்ஸுக்கும் காலுக்கும் நடுவே இருக்க அது போதும். 5 கிலோமீட்டர் நடைக்கு, பின்பக்கம் வார் இல்லாத எந்தச் செருப்பும் உதவாது. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

என்னைக் கேட்டால், குதிகால் வலிக்கு முதலில் வாங்க வேண்டியது நடைக்கான ஷூ அல்ல, வீட்டுக்கான செருப்பு. விலை குறைவு, நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காக்கும். இதற்கும் ஒரு செலவு உண்டு, அது வீட்டுப் பெரியவர்களிடம் நடக்கும் பேச்சுவார்த்தை. "அடுப்படியில செருப்பா?" என்று கேட்பார்கள். வாசலைத் தாண்டாத, வீட்டுக்கென்றே வாங்கிய புது ஜோடி என்று சொன்னால் பெரும்பாலான வீடுகளில் இறங்கி வருவார்கள். சாமி அறையை விட்டுவிடலாம். சமையலறையில் ஒப்புக்கொள்ளவே இல்லையென்றால் அடுப்புக்கு முன்னால் ஒரு கனமான ரப்பர் மேட் போடுங்கள்.

## இன்சோல், ஹீல் கப்

குதிகாலுக்கு அடியில் வைக்கும் கிண்ணம் போன்ற சிலிகான் ஹீல் கப் சில நூறு ரூபாய். ஷூவுக்குள் வைக்கும், வளைவைத் தாங்கும் ரெடிமேட் உள்தகடு, அதாவது இன்சோல், அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பாதத்தை அளவெடுத்துச் செய்துதரும் இன்சோலுக்குப் பல ஆயிரம் ஆகும்.

அளவெடுத்துச் செய்வது கட்டாயம் ரெடிமேடைவிட மேல் என்று தோன்றும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. இரண்டுமே முதல் சில மாதங்களுக்குக் கொஞ்சம் உதவுகின்றன; ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போட்டவர், போடாதவர் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ரெடிமேடில் தொடங்குங்கள். பாதம் மிகவும் தட்டையாக இருப்பவர்கள், வளைவு மிக உயர்ந்தவர்கள், சர்க்கரையால் பாதத்தின் உருவமே மாறியவர்கள் ஆகியோருக்குத்தான் அளவெடுத்த இன்சோல் செலவுக்கு ஈடு தரும்.

ஹீல் கப்பை ஒரு காலில் மட்டும் வைக்காதீர்கள். வலி ஒரு காலில் என்றாலும் இரண்டிலும் வையுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு புகார் சொல்லும். ஷூவில் ஏற்கெனவே இருக்கும் உள்தகட்டை எடுக்காமல் அதன் மேலேயே இன்சோலைத் திணித்தால் குதிகால் மேலேறி ஷூவுக்குள் நழுவும். இந்த இரண்டும் கடையில் யாரும் சொல்லாதவை.

## பயிற்சி

காசு செலவில்லை, ஆனால் பொறுமை செலவாகும். என் வாக்கு இதற்குத்தான் என்றாலும் இதிலும் நல்லது கெட்டது உண்டு.

இரண்டு வகை. முதலாவது நீட்டல். காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன், கட்டிலில் உட்கார்ந்து வலிக்கும் காலை மறு தொடையின் மேல் போட்டு, விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாகப் பின்னுக்கு இழுங்கள். மற்றொரு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் நார்ப்பட்டை விறைத்து நிற்பது தெரியும். தெரியவில்லை என்றால் இழுப்பு போதவில்லை. பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை.

இரண்டாவது சுமை ஏற்றுவது. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன் மேல் மடங்கியிருக்க, பாதத்தின் முன்பகுதியில் நின்று குதிகாலை உயர்த்த வேண்டும். மூன்று எண்ணி ஏறி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு காலில் சேர்ந்து, பழகியதும் ஒற்றைக் காலில், அதன் பிறகு முதுகுப்பையில் புத்தகங்களோடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும்.

டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வு, வெறும் நீட்டலோடு இந்தச் சுமைப் பயிற்சியை ஒப்பிட்டது. இரண்டு பக்கத்தாருக்கும் ஷூவுக்குள் வைக்கும் ஹீல் பேடும் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் மாதத்தில் சுமைப் பயிற்சி செய்தவர்கள் தெளிவாக முன்னணியில் இருந்தார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். அதாவது, இது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி, ஆனால் ஒரே வழி இல்லை. படிக்கட்டில் நிற்கத் தடுமாறும் வயதானவர்கள் நீட்டலோடு நின்றாலும் நஷ்டமில்லை.

பில்லில் வராத செலவு என்ன? முதல் இரண்டு மூன்று வாரம் வலி குறையாது. சிலருக்குக் கூடுவது போலவும் இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிட்டு ஊசிக்குப் போகிறார்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஓரிரு முறை போய் முறையைச் சரிபார்த்துக்கொண்டால் வீட்டிலேயே தொடரலாம். தினம் தினம் மெஷின் வைக்கப் போக வேண்டியதில்லை.

## ஒத்தடம்

செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கம் இலை வைத்துக் குதிகாலை ஒற்றி எடுப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். சூடு கெண்டைக்காலைத் தளர்த்தும், அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் கிட்டேயே போகக் கூடாது; கொப்புளம் வந்தபின்தான் சூடு தெரியும். எருக்கம் பால் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்து வந்தபின், தண்ணீரை உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டுவதும் இதே தரம்தான். வலியைத் தணிக்கும், நோயை மாற்றாது.

## ஊசி

ஸ்டீராய்டு ஊசியின் பலம் வேகம். சில நாட்களில் நிம்மதி தெரியும். பலவீனம், அந்த நிம்மதி பெரும்பாலும் முதல் நாலு வாரத்துக்குத்தான்; மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் மங்கிவிடுகிறது. குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிவதும், அரிதாக நார்ப்பட்டையே கிழிவதும் உண்டு. திரும்பத் திரும்பப் போட்டால் இந்த ஆபத்து கூடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்களுக்கு அளவு ஏறும், மாத்திரை தரும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வலி தாங்காமல் பயிற்சியைத் தொடங்கவே முடியாதவர்களுக்கு ஒரு ஊசி கதவைத் திறந்துவிடும். அதற்காக அதை ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் பாதயாத்திரைக்கு முந்தின வாரம் ஊசி போட்டுக்கொண்டு கிளம்புவது இருப்பதிலேயே மோசமான உபயோகம். வலி சொல்லும் எச்சரிக்கையை அணைத்துவிட்டு, அதே இடத்தில் நாள் கணக்கில் சுமை ஏற்றுகிறீர்கள். போட்டுக்கொண்டால் அடுத்த இரண்டு வாரமாவது நீண்ட நடை வேண்டாம்.

சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு விலை அதிகம், ஆய்வு முடிவுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## ஷாக்வேவ்

வெளியிலிருந்து ஒரு கருவியால் குதிகாலுக்குள் அதிர்வலைகளைச் செலுத்தும் சிகிச்சை இது. ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சி, செருப்பு எல்லாம் பார்த்தும் அசையாத வலிக்கு இது நியாயமான அடுத்த படி. வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து தடவை வைப்பார்கள். வைக்கும்போது வலிக்கும், அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம், பலன் தெரிய வாரங்கள் ஆகும். தடவைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தோடு ஒவ்வொரு முறைக்கும் அரை நாள் லீவையும் போக்குவரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அறுவை சிகிச்சை இதற்கெல்லாம் பிறகு, மிகச் சிலருக்கு.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரிய | கைச் செலவு | தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| முழு ஓய்வு | சில வாரம் | இல்லை | எடை, சுகர், வலி திரும்புதல் | புதிய, கடும் வலி. ஓரிரு வாரம் மட்டும் |
| வீட்டுச் செருப்பு | ஓரிரு வாரம் | குறைவு | வீட்டுச் சம்மதம் | கிட்டத்தட்ட எல்லோருக்கும் |
| நடை ஷூ | சில வாரம் | சில ஆயிரம் | சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது | தினமும் தூரம் நடப்பவர் |
| ரெடிமேட் இன்சோல் | சில வாரம் | குறைவு | ஷூ அளவு பொருந்தாமை | நல்ல ஷூ ஏற்கெனவே உள்ளவர் |
| பயிற்சி | 2, 3 மாதம் | இல்லை | முதல் வாரங்களின் பொறுமை | நடையை விட மனமில்லாதவர் |
| ஸ்டீராய்டு ஊசி | சில நாள் | நடுத்தரம் | பலன் மங்குதல், திசு சேதம் | பயிற்சியைத் தொடங்கவே முடியாதவர் |
| ஷாக்வேவ் | 1 முதல் 3 மாதம் | அதிகம் | லீவு, அலைச்சல் | ஆறு மாதம் தாண்டிய வலி |

## வெளியே எதைத் தொடரலாம்?

சைக்கிள் குதிகாலுக்கு மிக இணக்கமானது. பெடலைப் பாதத்தின் முன்பகுதியால் மிதியுங்கள். நீச்சலும் அப்படியே. பூங்கா நடையும், தமிழக அரசு மாவட்டந்தோறும் அடையாளம் காட்டிய 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளும் பெரும்பாலும் சமதளம் என்பதால் நல்லவைதான். ஆனால் முழு 8 கிலோமீட்டரும் முதல் நாளே வேண்டாம். கடற்கரை விஷயத்தில் ஊரே தலைகீழாகச் சொல்லும். உலர்ந்த மணலில் வெறுங்காலோடு நடப்பது காலுக்கு நல்லது என்பார்கள். குதிகால் ஒவ்வொரு அடியிலும் மணலில் புதைந்து நார்ப்பட்டை கூடுதலாக இழுபடும். வலி இருக்கும்வரை மெரினாவில் மணலை விட்டு நடைபாதையில், ஷூவோடு நடப்பதே மேல்.

சிக்கல் வெறுங்கால் வழிபாட்டில் வருகிறது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், கெட்டியான சாலை, செருப்பில்லாமல். தினம் 3 கிலோமீட்டர் ஷூவோடு நடப்பவர் பௌர்ணமியன்று திடீரென்று இதற்குப் போனால் அடுத்த பல வாரங்களுக்கு நொண்ட வேண்டியிருக்கும். கட்டாயம் போக வேண்டுமென்றால் கூட்டமில்லாத நாளில், தரை சூடேறாத விடியற்காலையில் தொடங்கி, அஷ்ட லிங்கங்களில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்து போங்கள். எழுந்ததும் நடக்காமல் முதலில் விரல்களை இழுத்து நீட்டல் செய்யுங்கள். தடித்த பருத்தி சாக்ஸுக்குள் ஹீல் கப்பை வைத்துப் போட்டுக்கொள்வதும் நல்ல யோசனை. செருப்பு கூடாது என்று மனதில் வைத்திருப்பவர்களுக்கும் துணி சாக்ஸ் அவ்வளவாக உறுத்தாது.

வெள்ளியங்கிரி வேறு கதை. ஏழு மலை, பாறைப் படிகள். ஏறும்போது கணுக்கால் மேல்நோக்கி மடங்கி நார்ப்பட்டை இழுபடும், இறங்கும்போது குதிகால் இடிபடும். காலை வலி முழுதாகப் போன பிறகு, அடுத்த வருடம். மூங்கில் கழி இருந்தாலும் இதில் என் பதில் மாறாது.

பழனிக்கு நாள் கணக்கில் நடந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மொத்தத் தூரத்தைவிட அடுத்தடுத்த நாட்களைத்தான். முதல் நாள் நடந்த கால், மறுநாள் காலை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, முன்பைவிட வலி இரண்டு மதிப்பெண் கூடியிருந்தால் அன்று வேனில் ஏறிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் சேர்ந்துகொள்ளலாம். மலை அடிவாரம் வந்தபின் 693 படியும் மெதுவாக ஏறினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இறங்க விஞ்ச் எனும் இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. ஆனால் கூட்ட நாளில் அந்த வரிசையில் கல்தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்பது, படி இறங்குவதைவிடக் குதிகாலைப் படுத்தும். அன்றைக்கு வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.